பிப் திருச்செங்கோட்டுக்கு வந்தால்

(சேலத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்துவிட்டு வாசலிலேயே ஒருவர் கேட்டார்: “பிப்புன்னா யாருங்க? புதுசா வந்திருக்கற கலெக்டருங்களா?” இல்லைங்க. பிப் ஒரு பதினேழு வயதுப் பள்ளி மாணவி. இங்கிலாந்தில் லிட்டில் கில்டன் என்கிற கற்பனை ஊரில் இருக்கிறாள். ஹாலி ஜாக்சன் 2019-இல் எழுதிய ‘எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்’ என்ற நாவலின் நாயகி. அவருக்கு அதுதான் முதல் நாவல். 2024-இல் பிபிசி அதை ஆறு பகுதித் தொடராக எடுத்தது. நெட்ஃபிளிக்ஸ் வழியாக நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. பிப்பாக எம்மா மையர்ஸ் நடித்தார்.

கதை இதுதான். ஐந்து வருடங்களுக்கு முன்னால் அந்த ஊரில் ஆண்டி பெல் என்ற பெண் காணாமல் போகிறாள். உடல் கிடைக்கவில்லை. அவளுடைய காதலன் சால் சிங், இந்திய வம்சாவளிப் பையன், காட்டில் இறந்து கிடக்கிறான். ‘நான்தான் செய்தேன்’ என்று அவனுடைய அப்பாவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. போலீஸ் கோப்பை மூடிவிட்டது, ஊரும் வாயை மூடிவிட்டது. சால் வீட்டார் மட்டும் கொலைகாரன் குடும்பம் என்ற பெயரோடு அதே ஊரில் வாழ்கிறார்கள். பிப் மட்டும் நம்பவில்லை. சால் அவளிடம் அன்பாக நடந்துகொண்டவன். பள்ளிக் கடைசி வருடத்தில் மாணவர்கள் தாமே தலைப்பைத் தேர்ந்து செய்யும் ஒரு ப்ராஜெக்ட் அங்கே உண்டு. அவள் அந்தக் கொலையையே தன் ப்ராஜெக்டாக எடுத்துக்கொள்கிறாள். சாலின் தம்பி ரவி துணைக்கு வருகிறான். முடிவை நான் சொல்லப்போவதில்லை, இன்னும் பார்க்காத பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தத் தொடரை விமரிசிக்க நான் வரவில்லை. சில இடங்களில் நன்றாக இருக்கிறது, சில இடங்களில் நம்மூர் மெகா சீரியலுக்குக் குறையாமல் இழுக்கிறது. எனக்குள் ஓடிய கேள்வி வேறு. கொலைக் கதையில் எல்லோரும் ‘கொன்றது யார்’ என்று கேட்கிறோம். கேட்பது யார் என்று நாம் பார்ப்பதே இல்லை. துப்பறிவதற்கு ஒரு சமூகம் யாருக்கு அனுமதி கொடுக்கிறது என்று பார்த்தால் அந்தச் சமூகத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். இதைச் சேலத்தில் நின்று பேசுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. நாவலைக் கொலைக் கதைப் படமாக்குகிற தொழில் தமிழில் செழித்த இடங்களில் இந்த ஊரும் ஒன்று.

ஏற்காடு சாலையில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இப்போது ஸ்டுடியோ இல்லை. திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம், லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து கட்டிய கம்பெனி அது. 1937-இல் ‘சதி அகல்யா’வில் ஆரம்பித்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ 1938-இல் இங்கேதான் உருவானது. அதே சுந்தரம் 1950-இல் ‘திகம்பர சாமியார்’ எடுத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல். எம்.என்.நம்பியார்தான் நாயகன், அதுவும் பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில். பின்னாளில் எம்.ஜி.ஆரிடம் அடி வாங்கியே ஓய்ந்த மனிதரைத் துப்பறிகிறவராகப் பார்ப்பது தனிச் சுகம்.

அந்தக் கதையில் கேட்பவர் ஒரு சாமியார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாமியாருக்கு ஊர் கிடையாது, சாதி கேட்க மாட்டார்கள், எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்காரலாம், பெண்கள் இருக்கும் இடத்திலும் பேச்சுக் கொடுக்கலாம். 1920-களின் தமிழ்நாட்டில் எல்லாக் கதவும் திறக்கிற ஒரே ஆளாக ஐயங்காருக்கு அவர்தான் தெரிந்திருக்கிறார். ஐயங்கார் தாசில்தாராக இருந்தவர் என்பதால், யாருக்கு யார் கதவைத் திறப்பார்கள் என்பது அவருக்கு அத்துபடி. ஜே.ஆர்.ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் இதே காலத்து ஆள்தான்.

அடுத்த தலைமுறையில் சாமியார் போய் சி.ஐ.டி. வந்தார். சுந்தரம் 1963-இல் காலமான பிறகு அவர் மகன் ராமசுந்தரம் காலத்தில் ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’, ‘கருந்தேள் கண்ணாயிரம்’ என்று வரிசையாக வந்தன. ஜெய்சங்கர் துப்பாக்கியோடு ஓடினார். அவை ஜேம்ஸ்பாண்டின் தம்பிகள். கேள்வி கேட்பதைவிடக் குத்துவதில் ஆர்வம் அதிகம். அவற்றில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. எங்களுக்கு அப்போது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

புத்தகத்தில் வேறு ஆட்கள் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் க்ளிப் மாட்டித் தொங்கும் மாத நாவல்கள். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். ராஜேஷ்குமாரின் விவேக் போலீஸ், ரூபலா அவர் மனைவி. சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா ஆகியோர் சம்பளம் வாங்கித் துப்பறிகிறவர்கள். சுசீலாவின் டி-ஷர்ட் வாசகங்களுக்காகவே நாவல் வாங்கிய ஒரு தலைமுறை இந்த அரங்கிலும் இருக்கிறது. சிரிக்காதீர்கள், யாரென்று நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். அந்தப் பெண்கள் அறிவாளிகள், துணிச்சல்காரிகள். ஆனால் ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஓர் ஆண் உண்டு. அது ஏஜென்சியின் பெயர்ப்பலகை மாதிரி. அது தொங்கினால்தான் அவள் ஒரு வீட்டுக்குள் போய்க் கேள்வி கேட்க முடியும்.

இப்போது நான் அதிகம் நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். 1997-இல் சன் டிவியில் ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ வந்தது. கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். கதை இந்திரா சௌந்தர்ராஜன், ‘விட்டு விடு கருப்பா’ என்ற அவருடைய நாவல். அவர் 1958-இல் சேலத்தில் பிறந்தவர் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. வாழ்ந்தது மதுரையில் என்பதால் மதுரைக்காரர் என்றே நினைத்துவிட்டோம். 2024 நவம்பரில், 66 வயது நிறையச் சில நாட்கள் இருக்கும்போது காலமானார். மாத நாவல் உலகத்தில் எழுதிய ஒருவர் தமிழ்த் தொலைக்காட்சியின் இலக்கணத்தையே ஒருமுறை மாற்றினார் என்று சொன்னால், இலக்கியக் கூட்டங்களில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

தோட்டக்காரமங்கலம் என்கிற கிராமம். தப்புச் செய்தவர்களை ராத்திரியில் வெள்ளைக் குதிரையில் வந்து கருப்பு தண்டிக்கிறது. ஊர் அப்படித்தான் நம்புகிறது. கதை இரண்டு காலத்தில் நடக்கிறது. ஒன்றில் ராஜேந்திரன் சின்னப் பையன், இன்னொன்றில் வளர்ந்தவன். பெரியவர்கள் மறைக்கிறதைச் சின்னவன் பார்க்கிறான், பார்த்ததைச் சொல்ல அவனுக்கு வழியில்லை, பயம் மட்டும் மிஞ்சுகிறது. அந்தப் பயம்தான் வளர்ந்தவனையும் விடாமல் பிடித்திருக்கிறது. முடிவில் மனநல மருத்துவத்திலிருந்து ஒரு விளக்கம் வரும். அதோடு கருப்புக்கும் ஓர் இடம் விட்டிருப்பார்கள். நம் பக்கத்துப் பார்வையாளருக்கு இதில் ஓர் ஏமாற்றமும் இல்லை. முனியப்பன் கையில் அரிவாள் இருக்கிற ஊர் இது. மாத்திரை ஒரு கையில், விபூதி இன்னொரு கையில் என்று ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் போய்வருகிறவர்கள் நாம்.

நாவலைத் தொடராக்கும்போது நாகா செய்த வேலையைக் கவனியுங்கள். நாவலில் பயத்தை வாக்கியம் உண்டாக்குகிறது, வாசகன் வேகமாகப் பக்கத்தைப் புரட்டி அதைக் கடந்துவிடலாம். திரையில் அந்த வசதி இல்லை. குதிரைக் குளம்புச் சத்தம் வரும், குதிரை வராது. கேமரா ஒரு சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு ‘தொடரும்’ போட்டுவிடுவார்கள். அடுத்தது ஏழு நாள் கழித்து.

அந்த ஏழு நாளைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். தொடருக்குள் துப்பறியும் மாணவர் யாரும் இல்லை. வெளியே இருந்தார்கள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில், தறிக்கூடத்தில், டவுன் பஸ்ஸில் விசாரணை நடந்தது. ‘குதிரையில வர்றது இவன்தான்’, ‘இல்லடா, அன்னைக்கு அவன் ஊர்லயே இல்ல.’ நோட்டின் கடைசிப் பக்கத்தில் சந்தேக நபர் பட்டியல் எழுதி வைத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதில் பெண்பிள்ளைகளும் உண்டு. சாட்சியம், முரண்பாடு, யார் எங்கே எப்போது இருந்தார் என்கிற கணக்கு, எல்லாவற்றையும் பாடத்திட்டத்துக்கு வெளியே அவர்களே கற்றுக்கொண்டார்கள். இப்போது ஆறு பகுதியையும் ஒரே ராத்திரியில் கொடுத்துவிடுகிறார்கள். சந்தேகப்படுவதற்கு அவகாசமே இல்லை, அதற்குள் விடை வந்துவிடுகிறது. பிப் மாதிரி ஒரு பெண்ணைத் திரையில் வைத்துவிட்டுப் பார்க்கிற பிள்ளைகளின் கையிலிருந்து விசாரணையைப் பறித்துக்கொள்வது வேடிக்கையான வியாபாரம்.

தமிழிலும் 2022-இல் அமேசானில் ‘சுழல்’ வந்தது, புஷ்கர்–காயத்ரி எழுதியது. நாவல் கிடையாது, நேரடிக் கதை. பள்ளி வயதுப் பெண் காணாமல் போகிறாள், பின்னணியில் மயானக் கொள்ளைத் திருவிழா. நன்றாக எடுத்திருந்தார்கள். அங்கேயும் விசாரிப்பது காக்கிச்சட்டை. பள்ளிப் பெண் தேடப்படுகிறவளாகத்தான் இருக்கிறாள், தேடுகிறவளாக இல்லை.

சரி, பிப் நம்மூருக்கு வந்தால்? இதை விளையாட்டாகக் கேட்கவில்லை. ஹாலி ஜாக்சனின் நாவல் அமெரிக்காவில் வந்தபோது பதிப்பாளர்கள் ஊரையே மாற்றினார்கள். லிட்டில் கில்டன் போய் கனெக்டிகட் மாநிலத்து ஃபேர்வியூ ஆனது. ஆக, ஊர் மாறினாலும் கதை பிழைக்கும். திருச்செங்கோட்டுக்கு மாற்றிப் பார்ப்போம்.

முதல் சிக்கல் ப்ராஜெக்ட். நம் பிளஸ் டூ பிள்ளைக்கும் ப்ராஜெக்ட் உண்டு. கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து, மேலே பெயர் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. தலைப்பைப் பிள்ளை தேர்ந்தெடுப்பதா? ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் நான் விளக்க வேண்டியதில்லை. மாநிலம் முழுக்க இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட ஆஸ்டல் பள்ளிகள் இவை. கோழிப் பண்ணை, லாரி பாடி, ரிக் வண்டி என்று நாமக்கல் மாவட்டம் நடத்திய தொழில்களில் ரேங்க்கும் ஒன்றாக இருந்தது. 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பையே அரசு நிறுத்தியது. 2018-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது, ஏனென்றால் பல இடங்களில் அந்த வருடப் பாடத்தையே நடத்தாமல் தாண்டிக்கொண்டிருந்தார்கள். விடியலில் ஒரு ஸ்டடி, ராத்திரி ஒரு ஸ்டடி, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். இதற்கு நடுவில் பிப் எப்போது போய் யாரைக் கேட்பாள்? வார்டனிடம் என்ன சொல்லி அவுட்-பாஸ் வாங்குவாள்?

இது சின்னச் சிக்கல். பெரியது இனிமேல்தான். நம் பிப் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். “அக்கா, அஞ்சு வருசத்துக்கு முன்னாடி நடந்துச்சுங்களே, அதைப் பத்திக் கொஞ்சம் கேக்கோணும்” என்கிறாள். அவளுக்குப் பதில் வராது. கேள்விதான் வரும். “நீ எந்தூரு கண்ணு? யாரூட்டுப் புள்ள?” சாதியை நேராகக் கேட்காமல் தெரிந்துகொள்வதற்கு நாம் பல தலைமுறையாகப் பழகி வைத்திருக்கிற விசாரணை இது. அதில் தேறினால்தான் தண்ணீரே கிடைக்கும். சாமியாருக்கு இந்தக் கேள்வி கிடையாது, சி.ஐ.டி.க்குக் கிடையாது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு உண்டு. அவள் பக்கத்தில் ரவி நின்றால் அன்று மாலைக்குள் இரண்டு பேர் வீட்டுக்கும் செய்தி போய்விடும். கொலையைப் பற்றி ஊர் பேசாது, இவர்கள் சேர்ந்து நின்றதைப் பற்றித்தான் பேசும்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ இந்த மண்ணின் கதை. பிப் அதற்குள் வந்தால் அவளுக்கு வேலையே இருக்காது. வேறு சாதியில் கட்டிய புதுப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு நாயகன் குமரேசன் ஊருக்குள் நுழைகிற அன்றைக்கே, என்ன நடக்கும் என்பது வாசகனுக்குத் தெரிந்துவிடும். யார் செய்வார்கள் என்பதில் மர்மமே இல்லை, ஊரே செய்யும். நம் பக்கத்துக் கொலைக் கதை மேல்நாட்டு மர்ம நாவலிலிருந்து பிரிகிற இடம் இது. அங்கே ஒருவருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. இங்கே எல்லோருக்கும் தெரியும், கோர்ட்டுக்குத்தான் தெரியாது.

2015 ஜூன் மாதத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெயர்களைச் சொல்லப் போவதில்லை, இந்த மேடை அதற்கானது இல்லை. பொறியியல் படித்த ஒரு தலித் இளைஞர், வேறு சாதியைச் சேர்ந்த தன் தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்குப் போனார். அங்கிருந்து ஒரு கும்பல் அவரை அழைத்துக்கொண்டு போனது. மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று காட்டுவதற்கான ஏற்பாடுகள் தயாராக இருந்தன. லிட்டில் கில்டனில் ஒரு குறுஞ்செய்தி செய்த வேலையை இங்கே தண்டவாளம் செய்ய வேண்டும் என்பது திட்டம்.

ஊர் நம்பியிருக்கவும் கூடும். நம்ப மறுத்தவர் அந்தப் பையனின் அம்மா. கோப்பை மூடவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னொரு சாட்சி கோயிலில் மாட்டியிருந்த கேமரா. அது யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்க முடியாது. வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் 2023 ஜனவரியில் நேராகத் திருச்செங்கோடு மலைக்கே வந்து, எந்தக் கேமரா எங்கே இருந்தது, எந்த வாசல் எங்கே என்று நடந்து பார்த்தார்கள். எந்த நாவலாசிரியரும் அந்தக் காட்சியை எழுதத் துணிந்திருக்க மாட்டார், நம்பும்படி இல்லை என்று எடிட்டர் அடித்திருப்பார். அந்த வருடம் ஜூனில் தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதி செய்தார்கள்.

அந்தத் தோழி நீதிமன்றத்தில் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார். நீதிபதிகள் அதைக் கடுமையாக எடுத்துக்கொண்டார்கள், சட்டத்தின் பார்வையில் அது சரி. அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிப் இங்கிலாந்தில் கேட்கிறாள் என்றால் அவளுக்குப் பின்னால் ஒரு வீடு நிற்கிறது. அவளுடைய அம்மா திட்டுகிறார், கவலைப்படுகிறார், ஆனாலும் ராத்திரி திரும்பி வந்தால் சாப்பாடு இருக்கிறது. ப்ராஜெக்டில் கையெழுத்துப் போட ஒரு டீச்சர் இருக்கிறார். நம் பக்கத்துப் பெண் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால், மறுநாள் எந்த வீட்டில் எழுந்திருப்பாள்? துணிச்சல் என்பதைத் தனியாள் குணமாகவே எழுதிப் பழகிவிட்டோம். அதற்குப் பின்னால் செலவு செய்கிற ஒரு குடும்பம் வேண்டும்.

ஆகையால், இந்த அரங்கில் எழுத நினைக்கிற இளைஞர்கள் இருந்தால், பிப்பைத் தமிழில் நகல் எடுக்காதீர்கள். சைக்கிளும் சுவரில் ஒட்டிய சிவப்பு நூல் வரைபடமும் இங்கே எடுபடாது. நம் பெண்ணுக்கு வேறு வழிகள் உண்டு. ஆஸ்டலில் ஒரே அறையில் எட்டு ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்கள், எட்டு ஊர்ச் செய்தியும் அங்கே வரும். ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற அத்தைக்கு, தறி ஓட்டுகிற சித்திக்கு, எந்த வண்டி எந்த ராத்திரி எந்தப் பக்கம் போனது என்று தெரியும். பெண்களிடம் போலீஸ் இதையெல்லாம் கேட்பதே இல்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு கேட்டால் யாரும் அதைக் கேள்வியாகவே நினைக்க மாட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதில் நம் நாயகிக்குச் சிரமமில்லை. அதைச் சொல்ல யாரையாவது சம்மதிக்க வைப்பதுதான் ஆறு பகுதிக்கும் போதுமான கதை.

இப்படி ஒரு நாவல் வந்து, அதைத் தொடராக எடுக்க யாராவது முன்வந்தால், அவர்கள் முதலில் கேட்கப்போவது தெரியும்: “ஊர்ப் பேரை மாத்திக்கலாமா? சாதியைச் சொல்லாம விட்டுரலாமா? பொண்ணுக்குப் பதிலா ஹீரோ ஒரு எஸ்.ஐ.யா இருந்தா வியாபாரத்துக்கு நல்லா இருக்கும்ல?” ஊர்ப் பெயரை வேண்டுமானால் விட்டுக்கொடுங்கள். இந்திரா சௌந்தர்ராஜனும் இல்லாத ஒரு ஊரைத்தான் உண்டாக்கினார். மற்ற இரண்டையும் கொடுக்காதீர்கள்.